பிழைத்த பயிருக்குக் கட்டம் இல்லை

டெய்லர் தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் நிலத்தை உழுதார். அதுவும் கோபத்தில்.

கோபத்துக்குக் காரணம் மச்சான். மனைவியின் அண்ணனான அவரிடம் நான்கு லாரிகள் இருந்தன, நிறுத்த இடம் இல்லை. டெய்லரின் மனைவிக்கு அப்பா வழியில் வந்த துண்டு நிலம் ஒன்று இருந்தது. சரியாக நான்கு லாரி நிற்கும். மழை விட்டு வெயில் ஏறினால் அதன் மேல் உப்பு வெள்ளை வெளேரென்று பூக்கும். பதினைந்து வருடமாக அதில் புல்கூட முளைத்ததில்லை.

"சும்மா கிடக்குற இடம்தானே மாப்ள, வண்டி நின்னா தேஞ்சா போயிடும்?" என்று மச்சான் கேட்டார்.

"சும்மா கிடக்கல மச்சான். நான் பயிர் வைக்கப்போறேன்," என்றார் டெய்லர். அதை வாய்விட்டுச் சொல்லும்வரை அப்படி ஓர் எண்ணம் தனக்கு இருப்பது அவருக்கே தெரியாது.

சொல்லிவிட்டார், இனி செய்தாக வேண்டும். விதை எங்கே விற்பார்கள் என்று தெரியவில்லை. தையல் கடைக்குப் பக்கத்துக் கடையில் புறாத் தீனி விற்றார்கள். இரண்டு கிலோ வாங்கி, அதிலிருந்த கோதுமையை மட்டும் பொறுக்கித் தூவினார். எல்லாம் முளைத்தன. விரல் நீளம் வளர்ந்ததும் நுனி கருகி ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. முப்பத்தேழு செடிகள் மட்டும் சாயவில்லை. நடப்பது எதுவும் தங்கள் காதுக்கு எட்டாததைப் போல அவை வளர்ந்து, கதிர்விட்டு, முற்றின.

"முப்பத்தேழு புல்லக் காட்டி நாலு லாரிய மறிக்கிறாரு உன் வீட்டுக்காரர்," என்று மச்சான் தங்கையிடம் முறையிட்டார்.

மனைவி இருவரையும் உட்காரவைத்துத் தீர்ப்புச் சொன்னாள். "வர்ற விதைப்புல இந்த விதைய நிலம் பூரா போடட்டும். நின்னா அவரோட பயிர். நிக்கலேன்னா உன் லாரி. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் என் முன்னாடி இந்தப் பேச்சை எடுக்கக்கூடாது."

முப்பத்தேழு செடியும் சேர்ந்து ஒரு டீத்தூள் டப்பா நிறைய தானியம் தந்திருந்தன. விதைப்புக்கு ஏழு மாதம் இருந்தது. டெய்லருக்கு ஒரே ஒரு சந்தேகம். அது மறுபடியும் நிற்குமா, அல்லது ஒருமுறை அசந்து நின்றுவிட்டதா? இதைச் சொல்வதற்கென்றே ஊருக்கு வெளியே ஓர் இடம் இருந்தது: உவர்நிலத் தானிய ஆராய்ச்சி நிலையம். உப்பு மண்ணில் கோதுமை, பார்லி, நெல் எல்லாம் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்பதை அது நாற்பது வருடமாக ஆராய்ந்து வந்தது.

"போறது போங்க, ஒரு பிடிய வீட்ல வச்சுட்டுப் போங்க," என்றாள் மனைவி.

"ஒரு கேள்வி கேக்கத்தான் போறேன். கேள்வி விதையத் தின்னுடுமா?" என்றார் டெய்லர். ஆனாலும் அவள் பேச்சைப் பாதி கேட்டு, ஒரு பிடியைத் தனியே எடுத்து, வீட்டுக்குப் பதில் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நிலையத்தின் வாசலில் காவலாளி அவரை நிறுத்தினார். நல்ல உடுப்பு, ஆனால் தோள் இரண்டு விரல் இறங்கியிருந்தது. டெய்லர் கண்ணுக்கு முதலில் பட்டது அதுதான்.

"ஒரு கேள்வி கேக்கணும்ங்க."

"கேள்விய அப்படியே உள்ள விட முடியாது. ஃபாரத்துல போட்டுத்தான் விடணும்," என்ற காவலாளி ஒரு தாளை எடுத்தார். "ரகத்தோட பேரு?"

"புறாத் தீனிங்க."

காவலாளி எழுதினார். "தாய் ரகம்?"

"தெரியாதுங்க."

"தகப்பன் ரகம்?"

"கடையில ரெண்டு கிலோ வாங்கினேன். அவ்வளவுதான் தெரியும்."

காவலாளி கொஞ்சம் யோசித்து, இரண்டு கட்டத்தையும் சேர்த்து 'அநாதை' என்று எழுதினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆறாவது விதியைப் படித்துக் காட்டினார். விண்ணப்பதாரர் தம்மிடம் இந்த ரகத்தில் வேறு விதை இல்லை என்று உறுதி கூற வேண்டும். டெய்லர் நேர்மையானவர். வெட்டி மிஞ்சிய துணியில் ஒரு சாண் இருந்தாலும் மடித்துத் திருப்பிக் கொடுப்பவர். சட்டைப் பைக்குள் கைவிட்டு அந்த ஒரு பிடியையும் எடுத்துக் கொடுத்தார்.

அப்போது உள்ளே விசில் அடித்தது. காவலாளி விறைப்பாக நின்றார். வெள்ளைக் கோட்டு அணிந்த சுமார் அறுபது பேர் வரிசையாக வெளியே வந்து ஒரு வயலின் வரப்பில் நின்றார்கள். ஒருவர் தட்டில் உப்புப் பொட்டலங்களைக் கொண்டுவந்தார். ஆளுக்கு ஒரு பொட்டலம். இரண்டாவது விசிலுக்கு எல்லோரும் பிரித்து வயலில் தூவினார்கள். மூன்றாவது விசிலுக்குக் கையைத் தட்டிக்கொண்டார்கள்.

"என்னங்க இது?"

"நிலையம் ஆரம்பிச்சப்போ இது நல்ல உப்பு நிலம். அதான் இந்த இடத்தையே எடுத்தாங்க. அப்புறம் யாரோ வாய்க்கால் வெட்டி விட்டாங்க. மழைத்தண்ணி ஓடி ஓடி உப்பைக் கழுவிடுச்சு. நிலம் நல்லாயிடுச்சு," என்றார் காவலாளி. வீட்டில் துக்கம் நடந்ததைச் சொல்கிறவர் குரல் அது. "நிலையத்த மூடிடுவாங்கன்னு பயந்துபோயிட்டோம். நல்லவேளை, கடையில உப்பு கிடைச்சுது."

டெய்லரை முதலில் வேர்ப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அது தனிக் கட்டடம். பிரிவுத் தலைவர் டப்பாவைத் திறந்து, பாதியைத் தன் தட்டில் கொட்டிக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்தார்.

"செடி உப்பைத் தாங்குற ரகசியம் எங்க இருக்கு தெரியுமா? வேர்ல. தண்ணிய உள்ள விடும், உப்பை வாசல்லயே நிறுத்திடும். ஒண்ணு ரெண்டு தப்பி நுழையலாம், பெரும்பாலும் விடாது. எங்க பிரிவும் அந்த வழியிலதான் நடக்குது. பன்னெண்டு வருஷமா எங்க மேசைக்கு வந்த எந்தக் கோரிக்கையும் மேல போனதே இல்ல."

"என் கேள்வியாவது போகுமாங்க? திரும்ப விதைச்சா நிக்குமான்னு..."

"நான்தான் சொல்றேனே. வாசல்லயே நிறுத்திடுவோம்."

ஆனால் அன்று அந்தப் பிரிவின் எழுத்தர் விடுப்பில் இருந்தார். தண்ணீர் கேன் கொண்டுவந்தவர், மேசையில் இருந்த டெய்லரின் கோப்பைத் தண்டுப் பிரிவுக்குரியது என்று நினைத்து எடுத்துப் போய்விட்டார். தண்ணீரோடு சேர்ந்து அது மேலே ஏறியது. டெய்லரும் டப்பாவோடு பின்னாலேயே ஓடினார்.

தண்டுப் பிரிவுத் தலைவர் மீதியில் பாதியை எடுத்துக்கொண்டார். அவர் கோட்டில் இரண்டாவது பொத்தான் இல்லை.

"வேர் நிறுத்திடுதாம்," என்று சிரித்தார். "நிறுத்திட்டா அப்புறம் உப்பு எப்படிங்க மேல வருது? வந்துட்டுத்தான் இருக்கு. தண்ணியோட ஏறி வர்றப்ப தண்டுக்குக் கீழ வச்சே அதைப் பிடிக்கணும். பிடிச்சு, வந்த வழியே திருப்பி விடணும். நல்ல ரகம் அப்படித்தான் செய்யும். இப்ப பாருங்க, உங்க கோப்பு வந்திருக்கு. நான் 'விளக்கம் தேவை'ன்னு எழுதிக் கீழ அனுப்பறேன். அவரு 'விளக்கம் இணைப்பில்'னு எழுதுவாரு. இணைப்பு இருக்காது. நான் திருப்பி அனுப்புவேன். இதெல்லாம் ஒரு செடிகிட்ட இருந்து நாங்க கத்துக்கிட்டது."

இப்படி அந்தக் கோப்பு இரண்டு கட்டடத்துக்கும் நடுவே பதினோரு நாள் ஏறி இறங்கியது. பன்னிரண்டாம் நாள் களைத்துப்போன ஒரு பியூன் அதை இலைப் பிரிவின் மேசையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

இலைப் பிரிவுத் தலைவி கண்டிப்பான அம்மா. மிச்சத்தில் பாதியை ஆய்வுக்கு எடுத்தார். கொஞ்சம் இருப்புக்கு எடுத்தார். எடுத்ததில் எடை சரியாக வராததால், சரிசெய்ய இன்னும் கொஞ்சம் எடுத்தார்.

"வேரும் தடுக்காது, தண்டும் பிடிக்காது. கடைசியில எல்லாம் இலைக்குத்தான் வந்து சேரும்," என்றார். "வந்த உப்ப எல்லா இலைக்கும் பங்கு போட்டா எல்லா இலையும் செத்துடும். அதனால செடி என்ன பண்ணுது? கீழ ஒரு வயசான இலை இருக்கும். அதுக்குள்ள ஒவ்வொரு செல்லுலயும் ஒரு சின்ன அறை. அந்த அறையில போட்டுப் பூட்டிடுது. அந்த இலை எப்படியும் உதிரப்போறதுதான். இளசெல்லாம் தப்பிச்சுடும்."

டெய்லர் தன் முப்பத்தேழு செடிகளையும் நினைத்துப் பார்த்தார். அடி இலை கருகும்போதெல்லாம் உச்சியில் புது இலை பச்சையாக வந்தது உண்மைதான்.

"ஏம்மா," என்றார். "மூணுமே ஒரே செடியில நடக்கக்கூடாதா? வாசல்ல கொஞ்சம் நிறுத்தி, நுழைஞ்சதை வழியில கொஞ்சம் பிடிச்சு, அதுக்கும் மிஞ்சினத கீழ் இலையில போட்டு..."

தலைவி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இத வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லம்மா."

"சொல்லிடாதீங்க. மூணு கட்டடத்தையும் ஒண்ணாக்கிடுவாங்க. ஒரே ஒரு தலைவர்தான் இருப்பாரு. அது அந்த ரெண்டு பேர்ல ஒருத்தரா இருந்தா நான் எங்க போறது?" பிறகு மணியை அழுத்தி பியூனை அழைத்தார். "இந்தக் கோப்பை அவர்கிட்ட குடுத்துடுங்க. அதான், அஞ்சு மாசத்துல ரிட்டயர் ஆகறாரே, அவர்கிட்ட."

அவர் தரைத்தளத்தில் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர். காதோரமும் விரல் நுனியும் பழுத்த இலை நிறம். சுவரில் கோப்புகள் கூரை வரை அடுக்கியிருந்தன. நிலையத்தில் யாருக்கும் வேண்டாத எல்லாம் அவருக்கு வந்து சேரும். புகார், தணிக்கைக் கேள்வி, எரிந்துபோன மோட்டார், யார் உடைத்தார்கள் என்று தெரியாத கண்ணாடி. பொறுப்பு அலுவலர் என்பது அவருடைய பதவி.

"என்னை இங்க கீழிலைன்னு கூப்பிடுவாங்க," என்று அவரே அறிமுகம் செய்துகொண்டார். "முதுகுக்குப் பின்னாடி. உக்காருங்க."

டப்பாவைக் கவிழ்த்து எண்ணினார்கள். இருநூற்று நாற்பது மணிகள் மிஞ்சியிருந்தன.

"ஐயா, எனக்கு ஒரே கேள்விதான். இது உப்புல திரும்ப நிக்குமா?"

"நிக்குமான்னு சொல்ற ஃபாரம் எங்ககிட்ட இல்லையே. எப்ப சாகும்னு சொல்ற ஃபாரம்தான் இருக்கு." அவர் ஒரு பெரிய பதிவேட்டை விரித்தார். கட்டங்களின் தலைப்பு: பட்ட நாள், பட்ட விதம், பட்டதற்குக் காரணம், கையெழுத்து. "நாப்பது வருஷமா இதுதான் பதிவேடு. இதுல பிழைச்ச செடியப் போட கட்டம் கிடையாது."

"அப்ப இருக்குற விதையையாவது திருப்பிக் குடுத்துடுங்க. விதைப்புக்கு வேணும். இல்லேன்னா என் மச்சான் லாரியக் கொண்டுவந்து நிறுத்திடுவாரு."

"கோப்பை முடிக்காம மாதிரிய வெளிய விடக்கூடாது. செடி செத்தாத்தான் கோப்பு முடியும்."

"செத்துட்டா விதை எப்படிங்க திரும்ப வரும்?"

கீழிலை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல கேள்வி. அதுக்கும் ஃபாரம் இல்ல."

அன்றிரவு மனைவி கேட்டாள். "ஒரு பிடி எங்க?"

"உறுதிமொழில இருக்கு," என்றார் டெய்லர்.

கண்ணாடிக் கொட்டகையில் ஆறு சிமென்ட் தொட்டிகள். தொட்டிக்கு நாற்பது வீதம் விதைத்தார்கள். அளந்து உப்புத் தண்ணீர் ஊற்றினார்கள். சோதனை இருபத்தொரு நாள். தினமும் காலையில் ஒருவர் வண்ண அட்டையை இலையோடு ஒட்டிவைத்துப் பார்ப்பார். அட்டையில் ஒன்று முதல் ஒன்பது வரை ஒன்பது நிறங்கள். ஒன்று கரும்பச்சை, செடி நலம். ஒன்பது வைக்கோல் நிறம்; செடி காலி.

வெள்ளிக்கிழமைதோறும் டெய்லர் கடையைச் சாத்திவிட்டுப் பார்க்கப் போனார். அதற்கும் அனுமதிச் சீட்டு உண்டு. 'உறவுமுறை' என்ற கட்டத்தில் காவலாளி 'காப்பாளர்' என்று எழுதினார். "அநாதைக்குக் காப்பாளர்தான் வர முடியும்," என்று விளக்கமும் சொன்னார்.

இருபத்தோராம் நாள் அட்டை இரண்டைக் காட்டியது. அடி இலைகள் சில கருகியிருந்தன, மற்றபடி தளதளவென்று நின்றன.

நிலையத்தில் கலவரம் மூண்டது. முதலில் அட்டை பழசு என்று புது அட்டை வாங்கினார்கள். அதுவும் இரண்டு. அட்டையைப் பிடித்தவருக்குக் கண் பரிசோதனை செய்தார்கள். அவருக்குக் கண் நன்றாகத் தெரிந்ததால் வேறு வேலைக்கு மாற்றினார்கள். கடைசியில் மூன்று பிரிவும் சேர்ந்து ஒரு கூட்டம் போட்டன. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு மூன்று தலைவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்தது அன்றுதான். வேர்ப் பிரிவு, தண்ணீர் தவறு என்றது. தண்டுப் பிரிவு, வேர்ப் பிரிவு தவறு என்றது. இலைப் பிரிவு, புறா தவறு என்றது. உப்பை இரட்டிப்பாக்குவது என்று ஒருமனதாக முடிவானது.

உப்பு ஏறியது. அட்டை மூன்றைக் காட்டிவிட்டு அங்கேயே நின்றது. மறுபடி ஏற்றினார்கள். கிடங்கில் உப்பு தீர்ந்தது. கேன்டீனில் இருந்த உப்பைக் கைப்பற்றினார்கள். அன்றிலிருந்து நிலையத்தில் சூப்பு முதல் முட்டை வரை எல்லாம் உப்பில்லாமல் வந்தது. சிலர் வீட்டிலிருந்து காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார்கள். நான்காம் நாள் அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை ஏறியது: உப்பு ஆய்வுக் கருவி எனக் கருதப்படுவதால் ஊழியர்கள் அதைத் தனிப்பட்ட முறையில் வைத்திருப்பதோ, உட்கொள்வதோ ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது.

"உங்க கோதுமையால எங்க வாயெல்லாம் செத்துப்போச்சு," என்று காவலாளி டெய்லரிடம் சொன்னார். "அது செத்துத் தொலைக்கக்கூடாதா?"

"வேணும்னா நானே சொல்லிப் பாக்குறேன்," என்றார் டெய்லர். ஆனால் உள்ளே போய் அவர் செடிகளிடம் சொன்னது வேறு.

வீட்டில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் ஒரு ஞாயிறு வந்து, நிலத்தின் நான்கு மூலையிலும் குச்சி நட்டுவிட்டுப் போனார். "சும்மா ஒரு அளவுக்குத்தான் மாப்ள," என்றார். மனைவி அந்தக் குச்சிகளைப் பிடுங்கவும் இல்லை, டெய்லரிடம் பேசவும் இல்லை. பேசாமல் இருப்பதில் அவளுக்கு நல்ல பயிற்சி உண்டு. விதைப்புக்கு மூன்று மாதமே இருந்தது.

அந்த வாரத்தில் நிலையத்தின் நாற்பதாம் ஆண்டு விழா. இயக்குநர் மேடையேறினார். டெய்லர், 'காப்பாளர்' என்ற முறையில் கடைசி வரிசையில் உட்காரவைக்கப்பட்டிருந்தார். மேடையில் இருந்த இருபது கோட்டில் ஒன்றுகூட உரியவருக்குப் பொருந்தவில்லை என்பதை அவர் கவனித்தார்.

"பெரியோர்களே," என்று தொடங்கினார் இயக்குநர். "இந்த நாற்பது ஆண்டுகளில் நாம் ஆயிரத்து இருநூறு ரகங்களைச் சோதித்திருக்கிறோம். ஆயிரத்து இருநூறும் பட்டுப்போயின. இப்படி ஒரு தொடர்ச்சியான முடிவை வேறு எந்த நிலையமாவது தந்ததுண்டா? ஒரே ஒரு செடி பிழைத்திருந்தால்கூட என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதை உழவரிடம் கொடுக்க வேண்டும். உழவர் அதை விதைப்பார். பிறகு நம்மிடம் எதற்கு வருவார்? நம் நிலத்தில் உப்பு குறைந்தபோது பலர் நம்பிக்கை இழந்தார்கள். நான் இழக்கவில்லை. பிரச்சினை தானாக இல்லாமல் போகும் இடத்தில், அதை நாள்தோறும் நம் கையால் உண்டாக்குபவனே உண்மையான ஆராய்ச்சியாளன்."

கைதட்டல் அடங்க நேரமானது.

"இப்போது கண்ணாடிக் கொட்டகையில் ஒரு ரகம் ஒழுங்கீனமாக நடந்துகொள்வதாக அறிகிறேன்," என்று இயக்குநர் குரலை உயர்த்தினார். "பொறுப்பு அலுவலர் அதற்கு முழுப் பொறுப்பேற்பார். அவர் ஓய்வு பெறும் நாளுக்குள் அந்தக் கோப்பு முடியவில்லை என்றால் அவருடைய ஓய்வே நிறுத்திவைக்கப்படும்."

எல்லோரும் திரும்பிக் கீழிலையைப் பார்த்தார்கள். அவர் உப்பில்லாத கடலையைக் கொறித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வந்த வெள்ளிகளில் டெய்லரும் கீழிலையும் தொட்டிகளின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்கள். கதிர் வந்தது. பால் பிடித்தது. அடியில் இலைகள் ஒவ்வொன்றாகக் கருகி உதிர்ந்தன. கீழிலை அவற்றைப் பொறுக்கி ஓர் உறையில் போட்டு வைத்தார்.

"ஐயா, இது நின்னுட்டா நீங்க வீட்டுக்குப் போக முடியாது. செத்துட்டா நான் வீட்டுக்குப் போக முடியாது," என்றார் டெய்லர். "என் வீட்டம்மா மூணு வாரமா பேசல."

"என் வீட்டம்மா நான் ரிட்டயராகி வர்றேன்னு சொன்னதுல இருந்து பேசறத நிறுத்தல," என்றார் கீழிலை. "பொறுங்க. செடி என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

செடி தன் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்தது. மணி முற்ற முற்ற அட்டை நான்கு என்றது. பத்து நாளில் ஆறு. அடுத்த வாரம் எட்டு. டெய்லருக்கு அது ஒன்றும் புதிதல்ல, முப்பத்தேழும் இப்படித்தான் பழுத்தன. ஆனால் நிலையத்தில் இருபத்தொரு நாளுக்கு மேல் உயிரோடு இருந்த கோதுமையை யாரும் பார்த்ததில்லை. கோதுமை முற்றினால் என்ன நிறமாகும் என்பது எந்தப் பிரிவின் பாடத்திட்டத்திலும் வரவில்லை. கட்டடத்துக்குக் கட்டடம் செய்தி பறந்தது. வேர்ப் பிரிவுத் தலைவர், தான் சொன்ன உப்பு அளவுதான் வேலை செய்ததாக எழுதினார். தண்டுப் பிரிவும் அதையே எழுதியது. இலைப் பிரிவுத் தலைவி மூன்று பக்கம் எழுதினார்.

ஓய்வு நாள் காலையில் கீழிலை சலவை செய்த சட்டையோடு கொட்டகைக்கு வந்தார். இயக்குநரும் மூன்று தலைவர்களும் பின்னால் நின்றார்கள். கீழிலை அட்டையைப் பிரித்து முதல் தொட்டியில் ஒரு கதிரின் பக்கத்தில் பிடித்தார். அப்பட்டமான ஒன்பது. ஆறு தொட்டியும் ஒன்பது. கதிர்கள் கனத்துத் தலை கவிழ்ந்திருந்தன.

"தலையெல்லாம் தொங்கிடுச்சு," என்றார் இயக்குநர் மனநிறைவோடு. "பாவம்."

"ஆமாங்க ஐயா," என்றார் கீழிலை. பதிவேட்டை விரித்து நிதானமாக எழுதினார். பட்ட நாள்: இன்று. பட்ட விதம்: வைக்கோல் நிறம், தலை சாய்வு. காரணம்: உப்பு. இயக்குநர் கையெழுத்திட்டார். ஆயிரத்து இருநூற்றொன்று.

டெய்லர் கீழிலையை ஓரமாக இழுத்தார். "ஐயா, இது முத்தி இருக்கு. சாகல. ஒரு கதிரக் கசக்கிப் பாத்தாக்கூடத் தெரியும்..."

"மெதுவாப் பேசுங்க," என்றார் கீழிலை. "விதிப்படி பாத்தா செத்துப்போச்சு. விதிப்படி பாக்காதவங்க வேற மாதிரி சொல்லலாம். நான் இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் விதிப்படிதான் பாப்பேன். பதினேழாம் விதி என்ன சொல்லுதுன்னு தெரியுமா?"

"தெரியாதுங்க."

"பட்டுப்போன செடிகள் கழிவு. கழிவை விண்ணப்பதாரரே தம் சொந்தப் பொறுப்பில் உடனடியா அப்புறப்படுத்தணும். செய்யலேன்னா நடவடிக்கை எடுப்போம்." அவர் ஒரு தாளில் முத்திரை குத்திக் கொடுத்தார். "சீக்கிரம் அப்புறப்படுத்துங்க. நடவடிக்கைக்கெல்லாம் இடம் வைக்காதீங்க."

டெய்லரிடம் துணி வெட்டும் கத்தரி இருந்தது. இருநூற்று நாற்பது செடியின் கதிர்களையும் மாலை ஐந்து மணிக்குள் கத்தரித்து, ஒரு போர்வை உறைக்குள் போட்டுத் தோளில் ஏற்றினார். ஒரு மணிகூடத் தரையில் விழவில்லை. பிசிறில்லாமல் வெட்டுவது அவர் தொழில்.

வாசலில் காவலாளி தடுத்தார். "என்ன மூட்டை?"

"செத்துப்போன கோதுமைங்க."

"சான்று?"

டெய்லர் காட்டினார். காவலாளி ஒரு வரி விடாமல் படித்தார். உறைக்குள் கைவிட்டு ஒரு மணியை எடுத்து நகத்தால் அழுத்தினார். அது அழுந்தவில்லை. வாயில் போட்டுக் கடித்தார். 'கடக்' என்றது. கொஞ்ச நேரம் மென்றுகொண்டே டெய்லரைப் பார்த்தார்.

"நல்லாத்தான் செத்திருக்கு," என்று கேட்டைத் திறந்துவிட்டார். "நாளையில இருந்து கேன்டீன்ல உப்பு போடுவாங்களா?"

தெருமுனையில் டெய்லர் திரும்பிப் பார்த்தபோது, கீழிலை ஒரு மாலையும் ஒரு சுவர்க்கடிகாரமுமாகப் படியிறங்கி வந்துகொண்டிருந்தார். மாடிப்படிக்கு அடியில் இருந்த அந்த நாற்காலியில் அதற்குள் வேறொருவரை உட்காரவைத்திருந்தார்கள். அவருக்கு ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது.

உதிர்த்துப் பார்த்ததில் ஒரு டப்பாவுக்கு மேலேயே வந்தது. மனைவி அதில் ஒரு பிடியை எடுத்துத் துணியில் முடிந்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான், "சாப்பிட வாங்க," என்றாள். இத்தனை வாரத்தில் அவள் பேசிய முதல் வார்த்தை.

விதைப்பு நாளில் டெய்லர் அளவு நாடாவை வரப்பில் விரித்துப் பிடித்து, சாணுக்கு ஒன்றாக மணியை ஊன்றினார். நான்கு லாரி நிற்கும் இடம் முழுவதும். மச்சான் ஒரு லாரியைக் கொண்டுவந்து ரோட்டில் இன்ஜினை அணைக்காமலே காத்திருந்தார். ஒரு மாதம் கழித்தும் வந்து பார்த்தார். மூன்று மாதம் கழித்து வந்தபோது வெள்ளைத் தரைக்கு மேலே இடுப்பளவு கதிர் ஆடிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து நுனிவிரலால் மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார்.

"உப்புதான்," என்றார். நம்ப முடியாமல் இன்னொரு முறையும் தொட்டு நக்கினார். பிறகு குச்சிகளைத் தானே பிடுங்கிக்கொண்டு லாரியில் ஏறினார்.

அக்கம்பக்கத்தில் உப்பு நிலம் வைத்திருந்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். ரகம் என்ன என்று கேட்டவர்களுக்கு டெய்லர் நிலையத்தின் சான்றையே காட்டினார். 'புறாத் தீனி. அநாதை. உப்பு தாங்காமல் பட்டது.' படித்தவர்கள் சிரித்துவிட்டு ஆளுக்கு ஒரு படி வாங்கிப் போனார்கள். அடுத்த ஆண்டு அந்தப் பக்கம் உப்பு பூத்த வயல் எல்லாவற்றிலும் பட்டுப்போன கோதுமை பச்சையாக நின்றது. நிலையத்தின் ஆண்டறிக்கையில் ஆயிரத்து இருநூற்று முப்பது ரகமும் பட்டதாக அச்சாகியிருந்தது. அதற்கு ஏதோ விருதும் கிடைத்தது.

மூன்றாம் ஆண்டு விதைப்புக்கு முந்தின வாரம், தையல் கடை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இயக்குநரின் டிரைவர் இறங்கினார். கையில் இரண்டு காலிச் சாக்கு.

"ஐயாவோட சம்பந்தி வீட்ல கொஞ்சம் நிலம் இருக்கு," என்றார். "முழுக்க உப்பு. ஒண்ணும் வரமாட்டேங்குது. உங்ககிட்ட ஏதோ விதை இருக்குன்னு..."

டெய்லர் மிதிப்பதை நிறுத்திவிட்டு, சான்றை எடுத்து மிஷின் மேல் விரித்தார். "இதுதாங்க இருக்கு. உப்பு தாங்காதுன்னு ஐயாவே கையெழுத்துப் போட்டிருக்காரே."

டிரைவர் அந்தக் கையெழுத்தைப் பார்த்தார். தெருவில் யாராவது வருகிறார்களா என்றும் பார்த்துக்கொண்டார்.

"அதைத்தாங்க ஐயாவும் கேட்டாரு," என்றார். "செத்ததுல ரெண்டு மூட்டை."